பெட்டியில்லாத ஊர்வலம்

"இந்த நகரத்தில் இறந்தவர்கள் எவரும் இதைவிட்டுப் போவதில்லை. அவர்கள் நம்மோடு நடக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுகளாக இந்தக் கற்களுக்குள் நமக்காகக் காத்திருக்கிறார்கள்!"

லிமரிக் கோட்டைக்கு முன்னால், பாலத்துப் படிக்கட்டில் ஒற்றைக் கையை வானத்தை நோக்கி உயர்த்தி மலாக்கி கான்சிடைன் ஒவ்வொரு மாலையும் இப்படித்தான் தொடங்குவார். மற்றொரு கையில் கார்டு தேய்க்கும் கருவி இருக்கும். அந்த ஆயிரமாண்டுக் கற்கள் போர்ச்சுகலிலிருந்து வந்தவை. படிக்கட்டைச் செப்பனிட்டபோது நகர மன்றம் வாங்கிப் போட்டது. அது மலாக்கிக்கு வேறு யாரையும்விட நன்றாகத் தெரியும். போன ஆண்டுவரை அவர் குளியலறை டைல்ஸ் விற்றுக்கொண்டிருந்தவர்.

இப்போது அவர் "நகர மரபின் காவலர்". அப்படி ஒரு பட்டத்தை யாரும் அவருக்குக் கொடுக்கவில்லை. வேண்டாமென்று யாரும் பிடுங்கவும் இல்லை. பள்ளி நாடகக் குழு ஒன்று பழைய துணிகளை விற்றபோது வாங்கிய உயரமான கறுப்புத் தொப்பி, கணுக்கால்வரை தொங்கும் கறுப்பு மேலங்கி, வெண்கலக் கைமணி. இவ்வளவும் போட்டுக்கொண்டால் டைல்ஸ் வாசனை சுத்தமாகப் போய்விடும் என்பது அவர் நம்பிக்கை.

நவம்பர் பிறந்ததும் அவருக்கு ஒரு யோசனை வந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் ஓர்லா என்ற பெண் வைக்கிங் தலைக்கவசமும் இஞ்சி பிஸ்கட்டும் கொடுத்துச் சுற்றுலாக் கூட்டத்தை அள்ளிக்கொண்டிருந்தாள். மலாக்கி நடத்திய சுற்றுலா நடையில் சில நாள் மழையும் அவரும் மட்டுமே இருந்தார்கள். ஆகவே "கடைசி ஊர்வலம்" பிறந்தது. வருகிறவர்களுக்குக் கறுப்புப் போர்வை, கையில் ஒரு விளக்கு. இரண்டிரண்டு பேராக, பேசாமல், பழைய சந்துகள் வழியே கல்லறைத் தோட்டத்து வாசல்வரை மெல்ல நடக்க வேண்டும். மலாக்கி முன்னால் மணியடித்தபடி, கூட்டத்தைப் பார்த்தவாறே பின்னோக்கி நடப்பார். முதுகைக் காட்டினால் கூட்டம் மதுக்கடைகளுக்குள் கரைந்துவிடும் என்பது இந்தத் தொழிலில் அவர் கற்ற முதல் பாடம்.

வால்பக்கம் அவருடைய தங்கை நோரீன். பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளைச் சாலையைக் கடக்கவைக்கிற வேலை அவளுக்கு. வரிசை கலைக்கிற எவரையும் ஒரே பார்வையில் உள்ளே தள்ளிவிடுவாள்.

ஒரு சவப்பெட்டியும் இருந்திருக்க வேண்டும். தச்சனிடம் பேசியாகிவிட்டது. காப்பீட்டுக் கம்பெனிதான் ஒத்துக்கொள்ளவில்லை. தூக்குகிற சுற்றுலாப் பயணிக்கு முதுகு பிடித்துக்கொண்டால் யார் பொறுப்பு என்று கேட்டார்கள். அதனால் ஊர்வலம் பெட்டியில்லாமல் கிளம்பியது.

முதல் நாளே ஒரு டச்சுக்காரர் கேட்டுவிட்டார். "எல்லாம் சரி. செத்தது யாரு?"

மலாக்கி தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு, சந்தின் இருபக்கச் சுவரும் எதிரொலிக்கக் கூவினார்.

"நான்தான்! இந்தத் தேவாலயப் பங்கைச் சேர்ந்த மலாக்கி கான்சிடைன்! இன்று என்னைத்தான் அடக்கம் செய்கிறோம்!"

கைதட்டல் கிடைத்தது. வாழ்க்கையில் முதன்முறையாகக் கிடைத்த கைதட்டலை யார் விடுவார்கள்? அன்றிலிருந்து தினமும், தோல்காரர் சந்தின் முனையில், அதே இடத்தில், அதே கூவல்.

"அப்படிச் சொல்லாத மலாக்கி," என்றாள் நோரீன். "அதுவும் நவம்பர் மாசம். எல்லா ஆத்துமாவும் வெளிய சுத்துற மாசம்."

"இது கலை, நோரீன். உனக்குப் புரியாது."

"டைல்ஸும்தான் எனக்குப் புரியல. அதுல ஒரு வம்பும் வரலயே."

லிமரிக்கில் எதிரே ஒரு சவ ஊர்வலம் வந்தால் யாரும் அதைக் கடந்து போவதில்லை. நின்று, திரும்பி, அதனோடு சில அடிகள் நடந்துவிட்டுத்தான் தன் வழியைப் பார்க்க வேண்டும். யார் போனார், எவர் போனார் என்று தெரியவேண்டிய அவசியமில்லை. அவசர வேலை, ஆறிப்போகும் தேநீர், எதுவும் சாக்கு ஆகாது. அப்படித்தான் டெலஹன்ட்டி மதுக்கடை வாசலில் புகைபிடித்துக்கொண்டிருந்த டின்னி ஒருநாள் மணிச்சத்தம் கேட்டுச் சிகரெட்டை அணைத்துவிட்டு வந்து சேர்ந்துகொண்டான்.

"யாருப்பா போயிட்டா?"

"நான்தான்," என்றார் மலாக்கி பின்னோக்கி நடந்தபடி, நடிப்பை விடாமல்.

"அடப் பாவமே. எப்போ?"

"டூருடா டின்னி! இது டூரு!"

"டூரா? மூஞ்சியப் பாத்தேன், ரெண்டு நாளாச்சு போலன்னு நெனச்சிட்டேன்." ஆனாலும் டின்னி சில அடிகள் நடந்து, சிலுவை போட்டுக்கொண்டுதான் திரும்பினான். வழக்கம் வழக்கம்தானே.

மலாக்கிக்கு அது பெருமையாக இருந்தது. ஊரே தன் பின்னால் வருவதாகத் தோன்றியது.

தோல்காரர் சந்தில் இப்போது யாரும் குடியில்லை. ஒருபக்கம் கூரை போன தோல் கிடங்கு, மறுபக்கம் ஆற்றுச் சுவர். ஷானன் ஆற்றிலிருந்து மூடுபனி அந்தச் சுவரின் மேல் ஏறி, இந்தப் பக்கம் மெதுவாக இறங்கும். சேற்று நாற்றம் வரும். அந்த வாரம் அதோடு வேறொரு வாசனையும் கலந்திருந்தது. நனைந்து காயாத கம்பளி. அணைத்த மெழுகுவத்தி.

பின்னோக்கி நடப்பவருக்கு ஒரு வசதி உண்டு. கூட்டம் முழுவதும் கண்ணில் படும். விளக்குகள் இரண்டிரண்டாக ஆடி வந்தன. கடைசியில் நோரீனின் விளக்கு. அதற்கும் அப்பால் இருட்டு.

அந்த இருட்டில் எதிர்ப்பக்கமாகப் போய்க்கொண்டிருந்த ஒருவன் நிற்பதையும், தொப்பியைக் கழற்றுவதையும், திரும்பி வரிசையோடு நடக்கத் தொடங்குவதையும் மலாக்கி பார்த்தார். உள்ளூர்க்காரன் போலிருக்கிறது, நல்ல வளர்ப்பு என்று நினைத்துக்கொண்டார்.

சில அடிகளுக்குப் பிறகு அவன் திரும்பிப் போகவில்லை.

அன்று நடை முடிந்து போர்வைகளை மடிக்கும்போது நோரீன் ஒரு கையை மட்டும் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"என்ன?" என்றார் மலாக்கி.

"யாரோ என் கையப் புடிச்சுக் குலுக்கிட்டுப் போனாங்க."

"டிப்ஸ் குடுத்தாங்களா?"

"துக்கம் விசாரிச்சாங்க. 'மனசத் தேத்திக்க நோரீன்'னு சொன்னாங்க." அவள் உள்ளங்கையை விளக்குக்குக் காட்டினாள். நெடுநேரம் தண்ணீரில் ஊறியதுபோல் விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. "அந்த டச்சுக்காரனோன்னு பாத்தா, அவனுக்கு என் பேர் எப்படித் தெரியும்?"

"டச்சுக்காரன் போன வாரமே ஊருக்குப் போயிட்டான்."

"அதான் கேக்குறேன்."

மலாக்கி சிரித்தார். கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்.

மறுநாள் அந்தச் சந்தில் இன்னும் சிலர் திரும்பினார்கள். சுவரோரம் நின்ற ஒருத்தி தலைமேல் சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டு சேர்ந்தாள். கிடங்கின் கதவில்லாத வாசலிலிருந்து ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். அவர்கள் கையில் விளக்கு இல்லை. ஆனாலும் ஒருவரும் தடுக்கி விழவில்லை. பயப்படும்படி எதுவும் செய்யவுமில்லை; முன்னால் போகிறவர்களைத் தள்ளாமல், இருமல் வந்தால்கூட அடக்கிக்கொண்டு, மரியாதையாக நடந்தார்கள். மண்ணுக்குள் எத்தனை காலம் கிடந்தாலும் லிமரிக்காரனுக்குச் சாவு வீட்டு ஒழுங்கு மறக்காது போலும்.

மலாக்கி ஒன்றைக் கவனித்தார். அவர்கள் எல்லோரையும் பார்த்தார்கள். அவரை மட்டும் யாரும் நேருக்கு நேர் பார்க்கவில்லை. பார்வை அவர் முகத்துக்கு வந்ததும் தாழ்ந்தது.

பெட்டிக்குள் கிடப்பவரைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்துவோமே, அப்படி.

கூவ வேண்டிய இடம் வந்தது. அவருக்கு அன்று கூவ மனமில்லை. ஆனால் ஓஹையோவிலிருந்து வந்திருந்த ஒரு பல் டாக்டர் அவசரமாகக் கையைத் தூக்கிவிட்டார். "செத்தது யாரு? வெப்சைட்ல போட்டிருந்துச்சே, அதச் சொல்லுங்க!"

"நான்தான்," என்றார் மலாக்கி. குரல் சுவர்வரை எட்டவில்லை.

கைதட்டல் விளக்குகளிடமிருந்து வந்தது. விளக்கில்லாத பகுதியிலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது.

அப்போதுதான் அவர் நெற்றியில் ஒரு கை படிந்தது.

குளிர்ந்த கை. உள்ளங்கை முழுவதும் பதிந்து, தடவாமல், அழுத்தாமல், ஒரு கணம் அப்படியே இருந்துவிட்டு எடுக்கப்பட்டது. அவர் அப்பா இறந்து வீட்டில் கிடத்தியிருந்தபோது வந்தவர்கள் எல்லோரும் அவர் நெற்றியில் கைவைத்துவிட்டுப் போனது அப்படித்தான்.

எதிரில் யாருமில்லை.

"நாளைக்கு வேணாம் மலாக்கி," என்றாள் நோரீன் அன்று இரவுச் சாப்பாட்டின்போது. "இன்னிக்கு என் கைய எத்தனை பேர் குலுக்கினாங்கன்னு எண்ணவே முடியல. அவங்க ஏன் திரும்பிப் போகலன்னு இப்பதான் புரியுது. தங்கள உனக்குத் தெரிஞ்சவங்களா நெனைக்கிறாங்க. தெரிஞ்சவங்க சாவுன்னா பாதியில திரும்ப மாட்டாங்க. குழிவரைக்கும் வருவாங்க."

"அந்தப் பல் டாக்டர் தன் கூட்டத்தையே கூட்டிட்டு நாளைக்கும் வர்றேன்னு சொல்லியிருக்கார். பத்திரிகைக்காரன் வேற வர்றான். ஓர்லாவுக்கு இதுவரைக்கும் பத்திரிகை வந்ததில்ல."

"ஓர்லா இன்னும் சாகலயே."

மலாக்கி ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தார். நாளை அந்தக் கூவலை விட்டுவிடுவார். செத்தவர் பெயரைச் சொல்லவே மாட்டார். கல்லறைத் தோட்டத்து இரும்பு வாசல் எப்போதும் பூட்டிக் கிடப்பது. பின்னோக்கி நடந்து முதுகு அந்தக் கம்பிகளில் முட்டியதும் நின்று, ஒரு கதை சொல்லி, நன்றி சொல்லி அனுப்பிவிட வேண்டியது. வாசலைத் தாண்டி யாராலும் போக முடியாது. எந்த ஊர்வலமும் அங்கே முடிந்தே ஆகவேண்டும்.

பத்திரிகைக்காரன் வரவில்லை. டாக்டரும் அவருடைய கூட்டமும் வந்தார்கள்.

மாலைத் தேநீர் நேரத்துக்கே இருட்டிவிட்டிருந்தது. மணி ஒலித்தது. டெலஹன்ட்டி வாசலில் டின்னி இன்று சிகரெட்டை அணைத்தான், ஆனால் சேர்ந்துகொள்ளவில்லை. கதவுக்குள் பின்வாங்கிச் சிலுவை போட்டுக்கொண்டான். அவன் கண் மலாக்கியின் மேல் இல்லை. கூட்டத்தின் பின்னால் இருந்தது.

தோல்காரர் சந்தில் மலாக்கி வாய் திறக்கவில்லை. அந்த முனை வந்தது. உதடுகளை இறுக்கிக்கொண்டார்.

"மலாக்கி கான்சிடைன்," என்றது இருட்டில் ஒரு பெண்குரல், பக்கத்திலிருப்பவருக்குச் சொல்வதுபோல் மெல்ல. "இந்தப் பங்கு ஆளுதான்."

"அப்படியா. வயசென்ன இருக்கும்?"

"சாகுற வயசில்ல."

டாக்டர் பரவசத்தோடு முன்னால் வந்து கிசுகிசுத்தார். "எவ்வளவு உள்ளூர் ஆளுங்க! எல்லாருக்கும் சம்பளமா, சும்மா வர்றாங்களா? அந்தம்மா காலுல செருப்புகூட இல்லயே. ஐயோ, குளிராதா?"

மலாக்கி மணியை நிறுத்தப் பார்த்தார். கை கேட்கவில்லை. நடையை நிறுத்தப் பார்த்தார். கூட்டம் தள்ளவில்லை, அவர்கள் தள்ளுகிற ஆட்களே இல்லை. ஆனால் சந்தின் அகலம் முழுவதும் நிரம்பி, மெல்ல, நின்றுவிடாமல் வந்துகொண்டிருந்தார்கள். அவர் ஓரடி பின்வைத்தால் அவர்கள் ஓரடி முன்வைத்தார்கள். விலகிக்கொள்ள இடமே இல்லை.

வாசல் வந்துவிடும். முதுகில் கம்பி முட்டும். அதோடு சரி.

அவர் பின்னோக்கி நடந்தார்.

இன்னும் நடந்தார்.

முதுகில் எதுவும் முட்டவில்லை.

காலடியில் கல் போய் ஈரப் புல் வந்தது. பக்கவாட்டில் பார்த்தார். இரும்பு வாசலின் இரு கதவுகளையும் அவர் எப்போதோ கடந்துவிட்டிருந்தார். அவை சத்தமில்லாமல் விரியத் திறந்திருந்தன.

"மலாக்கி! நில்லு!" வரிசையின் அந்தக் கோடியிலிருந்து நோரீன் கத்தினாள்.

நின்றார். குதிகாலுக்குக் கீழே மண் சரிந்தது. ஒரு கால் முழங்கால்வரை உள்ளே போய்விட்டது.

புதிதாக வெட்டிய குழி. ஓரத்தில் மண்ணை அழகாகக் குவித்து வைத்திருந்தார்கள்.

அவர்கள் சுற்றி நின்றார்கள். ஆண்களின் கையில் தொப்பி. பெண்களின் தலையில் சால்வை. யாரும் அவரைத் தொடவில்லை, அவசரப்படுத்தவில்லை. காத்திருந்தார்கள். ஈரக் கம்பளியின் வாசனை மூச்சை அடைத்தது.

"நான் சாகல!" என்று கத்தினார் மலாக்கி. "உயிரோடதான் இருக்கேன்!"

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க, பாவம்," என்றாள் ஒருத்தி.

பிறகு, எந்தக் குழியோரத்திலும் நடப்பதுபோல, போனவரைப் பற்றி இரண்டு நல்ல வார்த்தை பேசத் தொடங்கினார்கள். மலாக்கியால் காதை மூட முடியவில்லை. பயத்தின் நடுவிலும் ஒரு நப்பாசை. என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார்.

"நல்ல மனுஷன்."

"உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. சொல்லணும்ல."

இன்னொருவர் தொப்பியைக் கையில் சுழற்றினார்.

"குரல் பெருசு."

"ஆமா. தினமும் கேட்டோமே."

"என்னப் பத்திகூட ஒரு கதை சொன்னான். நான் தூக்குல தொங்கினேனாம். காய்ச்சல்ல போனவன் நான்."

"விடுப்பா. போனவனப் பத்தி அப்படிப் பேசக்கூடாது."

மற்றவர்கள் யோசித்தார்கள். நெடுநேரம் யோசித்தார்கள். சொல்ல எதுவும் அகப்படவில்லை. எல்லோருமாக ஓரடி முன்னால் வந்தார்கள். மலாக்கியின் இன்னொரு காலும் சறுக்கியது.

கூட்டத்தை முழங்கையால் விலக்கிக்கொண்டு நோரீன் வந்துவிட்டாள். பிள்ளைகளை லாரிக்கு முன்னாலிருந்து இழுக்கிற கை அது. அண்ணனின் காலரைப் பிடித்து ஒரே இழுப்பில் மேலே கொண்டுவந்தாள். தொப்பியைப் பறித்தாள். கறுப்பு மேலங்கியைப் பொத்தான்கள் தெறிக்க உரித்தாள். அதற்குள்ளே மலாக்கி போட்டிருந்தது டைல்ஸ் கடையின் ஆரஞ்சு நிறப் பனியன். முதுகில் "தள்ளுபடிக்கு என்னைக் கேளுங்கள்" என்று எழுதியிருந்தது.

அவள் மேலங்கியை நீளவாக்கில் மடித்து, அதன்மேல் தொப்பியை வைத்து, ஒரு பிள்ளையைப் படுக்க வைப்பதுபோல் குழிக்குள் இறக்கினாள். மணியையும் போட்டாள். பிறகு குனிந்து ஒரு பிடி மண் எடுத்துப் போட்டாள்.

"அண்ணா," என்றாள், அழுதபடி. அது நடிப்பில்லை. "நல்லபடியா போய்ச் சேரு."

ஒருவர் பின் ஒருவராக அவர்கள் குனிந்தார்கள். ஆளுக்கொரு பிடி மண். டாக்டரும் போட்டார். ஆரஞ்சுப் பனியனில் நடுங்கிக்கொண்டு நின்ற மனிதரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

குழி நிரம்பியது. ஆனால் யாரும் கலையவில்லை. எதற்கோ நின்றார்கள்.

நோரீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். எந்த அடக்கத்தின் முடிவிலும் எல்லோரும் காத்திருப்பது எதற்கென்று அவளுக்குத் தெரியாதா?

"வந்த எல்லாருக்கும் குடும்பத்து சார்புல நன்றி," என்றாள். "டெலஹன்ட்டி மாடியில சூப்பும் சாண்ட்விச்சும் ஏற்பாடு பண்ணியிருக்கோம். யாரும் சாப்பிடாம போகக்கூடாது."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு ஓடியது. தொப்பிகள் தலைக்குப் போயின. அவர்கள் திரும்பினார்கள், போகும்போது ஒவ்வொருவராக நோரீனின் கையைக் குலுக்கினார்கள். சிலர் வேகமாக நடந்தார்கள். மாடியில் நாற்காலி குறைவு.

அன்று டெலஹன்ட்டி மாடியறையை யாரும் பதிவு செய்திருக்கவில்லை. யாரும் ஏறிப் போனதையும் டின்னி பார்க்கவில்லை. ஆனால் காலையில் கதவைத் திறந்தபோது நாற்காலிகள் சுவரோரமாக வட்டமாகப் போடப்பட்டிருந்தன, தரைவிரிப்பு பிழியலாம்போல் ஈரமாக இருந்தது.

கல்லறைத் தோட்டத்து வாசல் வழக்கம்போல் துருப்பிடித்த பூட்டோடு தொங்கியது. கம்பி வழியே பார்த்தால் உள்ளே ஒரு புது மண்மேடு தெரிந்தது. நகர மன்றத்தில் கேட்டபோது அங்கே நூறாண்டாக யாரையும் புதைக்கவில்லை என்றார்கள். டாக்டர் இணையத்தில் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தார். முடிவு மட்டும் கொஞ்சம் இழுவை என்று எழுதியிருந்தார்.

மலாக்கி டைல்ஸ் கடைக்கே திரும்பிவிட்டார். வழவழப்பு, சொரசொரப்பு, தள்ளுபடி. இருட்டுவதற்குள் வீடு. தோல்காரர் சந்துப் பக்கம் போவதில்லை. எதிரே சவ ஊர்வலம் வந்தால் மட்டும் அவருக்குக் குழப்பம். எந்தப் பக்கம் சேர்ந்து நடப்பது என்று தெரியாமல் ஏதாவதொரு கடைக்குள் நுழைந்துகொள்வார்.

டிசம்பரில் ஒரு ஞாயிறு. வெளியே இருட்டிக்கொண்டிருந்தது. நோரீன் வீட்டுச் சமையலறையில் மலாக்கி பன்றிக்கறியும் முட்டைக்கோசும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வாசல் கதவு தட்டப்பட்டது. மெல்ல, மரியாதையாக.

நோரீன் போய்த் திறந்தாள். சேற்று நாற்றம் நடைவழியாக வந்து சமையலறையை அடைந்தது. மலாக்கியின் கையில் முள்கரண்டி அப்படியே நின்றது.

"மனசத் தேத்திக்க நோரீன்," என்றது ஒரு குரல். "அதுக்குள்ள மாசம் ஒண்ணு ஆயிடுச்சே."

இறந்தவருக்கு ஒரு மாதம் நிறைந்ததும் பூசை வைப்பதும், வீட்டுக்கு வருகிறவர்களுக்குத் தேநீர் கொடுப்பதும் அங்கே எல்லாக் குடும்பத்திலும் உண்டு. நல்ல செல்வாக்குள்ள மனிதர் என்றால் வரிசை தெருமுனைவரை நிற்கும். நோரீன் கோப்பைகளை எடுத்துவைத்தாள். நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் கிரீச்சிட்டன. யாரும் மலாக்கி இருந்த பக்கம் பார்க்கவில்லை. ஒருவர் வந்து அவர் மடியில் உட்காரப் பார்த்துவிட்டு, குளிராக இருக்கிறதென்று வேறு இடம் போனார்.

வந்திருந்தவர்கள் மூன்று பேர். அவர்களில் ஒருவர், வீடு மாறி வந்துவிட்டதாகச் சொல்லி, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு எழுந்து போனார்.